ஆளில்லாத ஊருக்கு ஓர் ஆஸ்பத்திரி

நோட்டன் பிரிட்ஜ்
8.1.1962

அன்புள்ள மாப்பிள்ளை சோலைமலைக்கு மச்சான் செல்லசாமி எழுதிக்கொண்டது.

இங்கே நான், உன் அக்கா நாகலெட்சுமி, என் தையல் மெஷின் மூவரும் சுகம். மூவரில் அடிக்கடி எண்ணெய் கேட்பது மெஷின் ஒன்றுதான். கொழும்பு வெக்கையில் நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது.

செய்தி இரண்டு. முதலாவதைப் படித்துவிட்டுச் சிரிக்கக் கூடாது. உன் அக்கா முழுகாமல் இருக்கிறாள். எனக்கோ தலையில் மயிரும் வாயில் பல்லும் விடைபெற்றுக்கொண்டிருக்கிற வயசு. பசாரே சிரித்து முடித்துவிட்டது. பேக்கரி அப்புஹாமி முதலாளி என்னைக் காணும்போதெல்லாம் ஒரு பணிஸ் சும்மா தருகிறார். தெம்புக்காம். முன்பு பிறந்த இரண்டும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியிலேயே கண்ணை மூடியது உனக்குத் தெரியும். இந்தத் தடவை வைகாசியில் என்று மருத்துவச்சி வேலாயி சொல்கிறாள். லொறியில் ஏற மாட்டேன் என்று உன் அக்கா இப்போதே சொல்லிவிட்டாள்.

அதனால்தான் இரண்டாவது செய்தி. நான் செயலாளர் ஆகியிருக்கிறேன். இந்த வட்டாரத்துக்கு ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி கேட்க ஒரு கமிட்டி. தலைவர், தொப்பிமலைத் தோட்டத்துக் கண்டாக்கு பொன்னையா. மலையில் ஆட்களை விரட்டி வேலை வாங்குகிற உத்தியோகம் என்பதால் தலைமை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பொருளாளர் அப்புஹாமி முதலாளி. என்னை ஏன் போட்டார்கள் என்றால், என் கடையில்தான் நாலு பேர் உட்கார பெஞ்சு இருக்கிறது.

தோட்டத்து டிஸ்பென்சரி பற்றி நான் சொல்ல வேண்டாம். வயிற்று வலிக்கும் தலைவலிக்கும் ஒரே போத்தல். கேள்வி கேட்டால் இரண்டு அவுன்ஸ் கூட. டாக்டரைப் பார்க்க இருபது மைல் மலைப்பாதை. மலைநாட்டில் புதிதாக ஓர் ஆஸ்பத்திரி கட்ட இந்த வருஷம் அரசாங்கம் பணம் ஒதுக்குகிறதாம். கட்டி முடிக்க நாளாகும். ஆனால் பணம் ஒதுக்கிய ஊருக்கு உடனே ஒரு வாடகை வீட்டில் டாக்டரும் பிரசவ வார்டும் போட்டுவிடுவார்களாம். வைகாசிக்குள் அது நடந்தால் எனக்குப் போதும். ஃபைல் நீ தேத்தண்ணி கொண்டுபோகிற அரசாங்கக் கந்தோரில்தான் இருக்கிறது. காண்டீன்காரனை யாரும் கவனிக்க மாட்டார்கள். காதைத் திறந்து வைத்துக்கொள்.

இப்படிக்கு, பதவி வந்தும் பழையபடியே இருக்கும்
செல்லசாமி


கொழும்பு
19.1.1962

மதிப்புக்குரிய மச்சானுக்கும் அக்காவுக்கும் சோலைமலை வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அக்கா சேதி கேட்டு, சிரிக்கவில்லை மச்சான், கண் கலங்கிவிட்டது. அக்காவைப் பாரம் தூக்க விடாதீர்கள். பீலிக்குத் தண்ணீர் பிடிக்க நீங்கள் போங்கள். செயலாளர் குடம் தூக்கக் கூடாது என்று சட்டம் இல்லை.

ஃபைல் இங்கேதான் இருக்கிறது. பீரிஸ் என்று ஒரு கிளாக்கர் ஐயா. இஞ்சி போட்ட வெறுந்தேத்தண்ணி என்றால் உயிர். அவர் சொன்னது இது. இரண்டு ஊர் போட்டி போடுகின்றன. ஒன்று நம்முடையது, மற்றது ஒரு எம்.பி. ஐயாவுடைய சொந்த ஊர். பார்வையிட வருகிற சுகாதார அதிகாரியின் அறிக்கையில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் முன்பு டாக்டராக இருந்தவர், நல்ல மனிதர். சிவனொளிபாதமலைக்குப் போகிற வழியில் இந்த மாதக் கடைசியில் உங்களிடம் வருவார். உள்ளதை உள்ளபடி காட்டினால் போதும் என்று பீரிஸ் ஐயா சொல்லச் சொன்னார்.

அக்காவுக்கு என் அன்பு.
சோலைமலை


நோட்டன் பிரிட்ஜ்
5.2.1962

அன்பு மாப்பிள்ளைக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. முகத்தை வெளியில் காட்டத்தான் முடியவில்லை.

உள்ளதை உள்ளபடி காட்டச் சொன்னாய். நாங்கள் என்ன செய்தோம் என்று கேள். தோட்டத்துத் துரை லயத்து வீடுகளுக்கெல்லாம் வெள்ளையடிக்கச் சொன்னார். அடித்தோம். ரோட்டில் வாழைமரம், மாவிலைத் தோரணம், என் கையால் தைத்த ஒரு வரவேற்புத் துணி. பெண்களெல்லாம் தீபாவளிச் சேலையில் வர வேண்டும் என்று கண்டாக்கு பொன்னையா உத்தரவு போட்டார். இருமுகிறவர்கள், கால் வீங்கியவர்கள், வயிறு தள்ளியவர்கள் எல்லோரும் காம்பராவுக்குள் இருந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். "பெரிய மனுசன் வர்ற நேரத்துல சீக்காளி மொகத்துலயா முழிக்க விடுறது?" என்றார். ஆஸ்பத்திரி கேட்கிற இடத்தில் சீக்காளியை ஒளித்து வைக்கிற கமிட்டி உலகத்திலேயே இது ஒன்றுதான். அதன் செயலாளர் என்ன செய்தார்? ஏணியில் நின்று தன் துணி நேராகத் தொங்குகிறதா என்று பார்த்தார். சொந்தப் பெண்சாதியைக் கடையின் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஏறினார்.

அதிகாரி வந்தார். மாலை, தப்பு மேளம், வடை. நல்ல மனிதர்தான். பொன்னையாவைப் பார்த்து, "இந்தப் பக்கம் நோய்நொடி அதிகமோ?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். பொன்னையாவுக்கு, ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்புகிற காலைப் பெரட்டில் துரைக்குப் பதில் சொல்லிச் சொல்லி நாக்கு ஒரே பாதையில் பழகிவிட்டது. துரை எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். இரண்டு காலையும் சேர்த்து விறைத்து நின்றார். "எல்லாம் சரிங்க தொர. ஒரு கொறையும் இல்லீங்க."

நான் பின்னால் நின்று அவர் கோட்டை இழுத்தேன். அவர் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார். "தொர புண்ணியத்துல ஒரு தலவலி கூட இல்லீங்க" என்று சேர்த்துவிட்டார்.

அதிகாரி எழுதிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். உன் அக்கா என்னோடு பேசி நாலு நாளாகிறது. எழுதியதை எப்படியாவது அழிக்க வழி இருக்கிறதா என்று கேட்டு எழுது.

இப்படிக்கு,
துணி மட்டும் நேராகத் தொங்கவிட்ட செல்லசாமி


கொழும்பு
22.2.1962

மச்சானுக்கு வணக்கம். அக்காவுக்குக் கால் வீங்குகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று எழுதுங்கள்.

நல்ல சேதி இல்லை. 'மக்கள் திடகாத்திரமாகவும் மகிழ்ச்சியாகவும் காணப்படுகிறார்கள்' என்று அறிக்கை வந்திருக்கிறது. அதைக் கூடச் சரிசெய்யலாம் மச்சான். வேறொன்று நடந்தது. ஃபைல் மேலே இருக்கிற பெரிய ஐயாவிடம் போனது. நான் தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில் நின்றேன். அவர் வாக்காளர் இடாப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பீரிஸ் ஐயாவிடம், இந்தப் பக்கம் ஆளே இல்லையே, யாருக்கு ஆஸ்பத்திரி என்று கேட்டார். தோட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று பீரிஸ் ஐயா மெதுவாகச் சொன்னார். அவர்கள் இந்த நாட்டுக் கணக்கில் இல்லை, தோட்டக் கம்பெனிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுக் கோப்பையை வாயில் வைத்தார்.

தோட்டத்து ஆட்களின் பிரஜா உரிமையைப் பறித்தவர்களும் இவர்கள்தான். பறித்த பிறகு ஆளே இல்லை என்பவர்களும் இவர்கள்தான். ஆளே இல்லாத மலையில் அந்தக் கொழுந்தை யார் கிள்ளினார்களாம்? கேட்க நாக்கு நுனி வரை வந்தது. "சீனி போதுமாங்க ஐயா" என்று கேட்டுவிட்டு வந்தேன். அன்றையிலிருந்து என் மேலேயே எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

சோலைமலை


நோட்டன் பிரிட்ஜ்
6.3.1962

அன்பு மாப்பிள்ளைக்கு,

அக்காவின் சுகம் கேட்டாய். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. வாய் வழக்கம்போல.

உன் கடிதத்தைக் கடையில் சத்தமாக வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. என் கடையில் அப்படி நடப்பது அபூர்வம். பொன்னையா எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். அப்புஹாமி முதலாளிக்குத்தான் அதிகம் கோபம். அவருக்கு ஓட்டு இருக்கிறது, இடாப்பில் பெயர் இருக்கிறது. ஆனால் அவர் சம்சாரத்துக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே இருபது மைல்தான். "அவங்களுக்கு எண்ணத் தெரியாட்டி நாங்க எண்ணிக் காட்டுவோம்" என்றார். அவரே சிங்களத்தில் ஒரு மனு எழுதினார். லயம் லயமாகப் போய்ப் பெருவிரல் வாங்கினோம். கொழுந்துக் கறை ஏறிய விரல்களுக்கு மை கூடத் தேவைப்படவில்லை. ஒரு வீட்டில் இருமலோடு கிடந்த கிழவர், எழுந்து உட்கார்ந்து, இரண்டு கை விரலையும் வைக்கிறேன் என்று அடம்பிடித்தார்.

மனுவை இத்தோடு அனுப்புகிறேன். அதைப் பார்த்து அதிகாரி இன்னொரு தடவை வர வேண்டும். அதை நீயும் உன் இஞ்சித் தேத்தண்ணியும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இனிமேல் கதவுக்குப் பின்னால் இருக்க மாட்டேன் என்று உன் அக்கா சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
செல்லசாமி


நோட்டன் பிரிட்ஜ்
12.4.1962

அன்பு மாப்பிள்ளைக்கு,

அதிகாரி மறுபடி வருகிறார் என்று நீ அடித்த தந்தி கிடைத்தது. சொன்ன நாளில் மனிதர் ஜீப்பில் வந்தார். தோரணம் இல்லை, வடை இல்லை. தொழிற்சாலையில் துரை கூப்பிடுகிறார் என்று பொய் சொல்லிப் பொன்னையாவை அனுப்பிவிட்டோம். சீக்காளிகள் எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ரோட்டோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுரோட்டில் என் தையல் ஸ்டூல். ஸ்டூலில் உன் அக்கா.

ஜீப் நின்றது. விலகச் சொல்லி டிரைவர் ஹோர்ன் அடித்தான். இவள் அசையவில்லை. அதிகாரி இறங்கி வந்தார். பசார்ச் சிங்களத்தில் இவள் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "இங்க ஆளே இல்லன்னு எழுதியிருக்காங்களாமே. மொதல்ல என்னைய எண்ணுங்க. வயித்துல இருக்கிறதையும் சேத்து எண்ணுங்க. பெறகு இவங்களை எண்ணிக்கிட்டே போங்க."

அவர் எண்ணத் தொடங்கினார். கம்பளி கம்பளியாக நின்று, குனிந்து, நெஞ்சில் காது வைத்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேலே. கடைசியில் இவளிடம் வந்தபோது இவள் ஸ்டூலின் காலை இறுகப் பிடித்திருந்தாள். எனக்கு விளங்கவில்லை. வேலாயிக்கு விளங்கிவிட்டது. மாசம் இன்னும் நிரம்பவில்லை. அதிகாரி உடனே ஜீப்பில் ஏற்றச் சொன்னார். லொறியில்தானே ஏற மாட்டேன் என்றாள், ஜீப்பில் ஏறினாள்.

பாதி வழி கூடப் போகவில்லை. ஒரு வளைவில் வேலாயி வண்டியை நிறுத்தச் சொன்னாள். மழை பிடித்துக்கொண்டது. அதிகாரி கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழையபடி டாக்டராகிவிட்டார். கையில் ஒரு பேனாவைத் தவிர ஆயுதம் இல்லை. ஜீப்பின் திரைச்சீலை காற்றில் அடித்துக்கொண்டது. என்னைக் குடை பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். யாருக்குப் பிடிக்கிறேன் என்று பார்க்காமல் டிரைவருக்குப் பிடித்திருக்கிறேன். அரசாங்க ஜீப்பில் பிள்ளை பிறந்தது. அழுதது. அதிகாரி சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினார். எங்களை டவுன் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, அவசரமாகக் கொழும்புக்குப் போய்விட்டார்.

உன் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

செல்லசாமி


கொழும்பு
24.4.1962

அன்புள்ள மச்சானுக்கும், அம்மாவாகிவிட்ட அக்காவுக்கும்,

காண்டீன் முழுக்க உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டேன். குடைக் கதையைக் கேட்டுப் பீரிஸ் ஐயா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதிகாரி இந்தத் தடவை பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாராம். ஃபைல் நல்ல நிலையில் இருக்கிறது.

மருமகனா மருமகளா என்று எழுத மறந்துவிட்டீர்கள். எதுவானாலும் தாய்மாமன் சீராகப் புறக்கோட்டையில் வாங்கிய பூப்போட்ட துணி அனுப்புகிறேன். நீங்கள் தையல்காரர், அளவெடுத்துச் சட்டை தைத்துப் போட்டுவிட்டு எழுதுங்கள். பெயர் என்ன வைக்கப் போகிறீர்கள்?

சோலைமலை


நோட்டன் பிரிட்ஜ்
9.5.1962

அன்பு மாப்பிள்ளைக்கு,

துணி கிடைத்தது. நல்ல துணி. சாயம் போகாது.

இங்கே மழை. பொன்னையா கமிட்டித் தலைமையை விட்டுவிட்டார். அப்புஹாமி முதலாளி பேக்கரிக்குப் புதுக் கூரை போடுகிறார். வேறு விசேஷம் இல்லை. ஃபைல் என்ன ஆயிற்று என்று எழுது.

செல்லசாமி


கொழும்பு
5.6.1962

மச்சானுக்கு வணக்கம்.

முடிவு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கான பணம் எம்.பி. ஐயாவின் ஊருக்கு. நமக்கு ஒரு பழைய ஆம்புலன்ஸ். அதுவும் டவுனில்தான் நிற்குமாம், தோட்டத்துக் கந்தோரிலிருந்து டெலிபோன் பண்ணினால் வருமாம்.

காரணத்தைப் பீரிஸ் ஐயா தமிழில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். 'அப்பகுதித் தாய் ஒருவருக்குச் சாதாரண ஜீப் வண்டியிலேயே சுகப்பிரசவம் நடந்து, குழந்தை நலமாக இருந்ததை அதிகாரியே நேரில் கண்டிருக்கிறார். எனவே அங்கே தேவைப்படுவது கட்டடமல்ல, வாகனமே.' அதிகாரி இதற்காகவா எழுதினார்? பெரிய ஐயாவின் அறையில் போய்ச் சத்தம் போட்டாராம். எழுதியது நீங்கள்தானே என்று வாயை அடைத்துவிட்டார்களாம்.

நம் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்ததையே நமக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள் மச்சான். வயிறு எரிகிறது. ஆனால் அதைவிட வேறொன்று உறுத்துகிறது. பிள்ளையைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. எதையும் பத்து மடங்காக்கி எழுதுகிறவர் நீங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

சோலைமலை


நோட்டன் பிரிட்ஜ்
14.6.1962

சோலைமலைக்கு,

சுகம் விசாரிக்காமல் தொடங்குகிறேன்.

பெண் பிள்ளை. மறுநாள் விடியும்போது இல்லை. மாசம் நிரம்பாத உடம்பு, மழையிலும் மலைக்காற்றிலும் ரோட்டில் பிறந்தது. ஒரு கூரைக்கு அடியில், கணகணப்பான அறையில் பிறந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று டவுன் டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். துணியில் சுற்றிக் கொண்டுவந்து தேயிலை மலைக்கு மேலே, காட்டோரம் மண்ணில் வைத்தோம். உனக்கு எழுத உட்கார்ந்தபோது குடை வரைக்கும் கை ஓடியது. அதற்கு மேலே ஓடவில்லை.

உன் கடிதத்தைப் பார்த்த பிறகு இரண்டு நாளாக மெஷினை மிதிக்கவில்லை. அந்த ஃபைலில் என் பிள்ளை உயிரோடு இருக்கிறது, மாப்பிள்ளை. இங்கே மண்ணுக்குள் இருக்கிறது. அங்கே சுகமாக இருந்துகொண்டு, இந்த ஊருக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சாட்சி சொல்கிறது. பால் கூடக் குடிக்காத வாய் அது. அந்த வாயில் பொய்யை வைத்திருக்கிறார்கள்.

ஆம்புலன்ஸை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பொய்யை எடுக்கச் சொல். எப்படிச் சொல்வாயோ எனக்குத் தெரியாது.

செல்லசாமி


கொழும்பு
27.6.1962

அன்புள்ள மச்சானுக்கு,

அக்காவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டிய நேரத்தில் சட்டைத் துணி அனுப்பியிருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். பெரிய ஐயா அறையில் எல்லோரும் இருந்தார்கள். தட்டை மேசையில் வைத்தேன். கோப்பையை எடுத்துக் கொடுக்கவில்லை. "ஜீப்புல பொறந்தது என் அக்கா புள்ளைங்க ஐயா. அது செத்துப்போச்சு. பொறந்ததை எழுதுனீங்க, செத்ததையும் எழுதுங்க" என்றேன். அவர் காண்டீன் முதலாளியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். இனி நான் மாடிக்குத் தேத்தண்ணி கொண்டுபோகக் கூடாதாம். கீழே பாத்திரம் கழுவுகிறேன். அது பரவாயில்லை.

அன்று பின்னேரம் பீரிஸ் ஐயா காண்டீனுக்கு வந்தார். கூடவே அந்த அதிகாரியும். அவருக்கு அதுவரை தெரியாது. என் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, அறிக்கையைத் திருத்தித் தன் கையெழுத்தோடு மறுபடி மேலே அனுப்புகிறேன், பணம் திரும்புமோ தெரியாது, ஆனால் அந்தக் காரணம் நிற்காது என்றார். ஒன்று மட்டும் கேட்டார். 'ஒரு குழந்தை இறந்தது' என்று எழுதினால் அடித்துவிடுவார்களாம். பெயரோடு எழுதினால் அடிக்கக் கை கூசுமாம். பிள்ளைக்குப் பெயர் வைத்தீர்களா மச்சான்?

சோலைமலை


நோட்டன் பிரிட்ஜ்
9.7.1962

அன்பு மாப்பிள்ளை சோலைமலைக்கு,

நான் சுகம். உன் அக்கா எழுந்து நடமாடுகிறாள். உன் வேலை போகாமல் பார்த்துக்கொள். போனால் என் கடையில் பெஞ்சு இருக்கிறது.

பெயர் வைக்கிற நாள் வருவதற்குள் போன பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. லயத்துப் பெரியவர்களிடம் கேட்டேன். வேலாயியிடமும் கேட்டேன். ஆகாது, அடுத்த பிள்ளைக்குக் கேடு என்றார்கள். அடுத்த பிள்ளையாம். என்னைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல அவர்களுக்கு எப்படி முடிந்ததோ.

உன் கடிதத்தை உன் அக்காவுக்கு வாசித்தேன். இந்த மூன்று மாதமும் அவள் கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கிறவளாக இருந்தாள். வாசித்து முடித்ததும் எழுந்து தலை முழுகினாள். சேலை மாற்றினாள். யாரிடமும் கேட்காமல் மலையேறினாள். நான் பின்னால் போனேன். காட்டோரத்தில் கல் வைத்த இடத்தில் குனிந்து, பிள்ளை காதில் சொல்வது போல மண்ணுக்குப் பக்கத்தில் வாயை வைத்து மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை எனக்கும் கேட்டது. கொழுந்து மலையிலிருந்த பெண்களுக்கும் கேட்டது. யாரும் வழக்கத்தைப் பற்றிப் பேசவில்லை.

எழுதிக்கொள்ளச் சொல். பெயர் சண்முகவடிவு. தகப்பன் செல்லசாமி, தாய் நாகலெட்சுமி, ஊர் நோட்டன் பிரிட்ஜ். கந்தோரில் இந்தப் பெயரைச் சுருக்கி எழுதக் கூடாதாம். முழுதாக இருக்கட்டும், அந்த வரியை வாசித்துத் தாண்டுகிறவனுக்கு ஒரு மூச்சு நேரமாவது பிடிக்கட்டும் என்கிறாள் உன் அக்கா.

இப்படிக்கு,
சண்முகவடிவின் தகப்பன்
செல்லசாமி